குச்சி வீசக் கடல் கடப்பது

துடியலூரிலிருந்து வெளிநாடு செல்கிறவர்கள் இந்நாளில் அநேகர். மேல்படிப்புக்குப் போகிறார்கள், உத்தியோகத்துக்குப் போகிறார்கள், பம்பு செட்டும் நூலும் விற்கப் போகிறார்கள், பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய் ஆறு மாதத்தில் திரும்புகிறார்கள். இவற்றில் எதுவுமில்லாமல், விடுமுறையில் ஒரு மாதம் சண்டைக் கலை பயின்று வரப் போகிறேன் என்று யாராவது சொன்னால், மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிச் சொன்னவள் நமது மூத்த பெண். வயது இருபது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, பன்னிரண்டாம் வயதிலிருந்து சிலம்பம் பழகுகிறவள்.

விளையாட்டாகப் பேசி முடிக்கக் கூடிய விஷயமாக இது இல்லை. அவள் கல்யாணத்துக்கென்று நமது தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை ஒன்று உண்டு. அதில் கை வைத்தாலொழியப் பிரயாணக் கணக்குச் சரிக்கட்டாது. விமானக் கட்டணமே நமது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். போகட்டும் என்று சொல்வதானால், எங்கே, எதற்கு, எத்தனை நாள், யாரிடம் என்ற நாலு கேள்விகளுக்கும் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும். ஆறு மாதமாக நாம் அதைத்தான் செய்து வருகிறோம். இம்மாதிரி ஆசை வேறு வீடுகளிலும் தலை தூக்கியிருக்கலாமாதலால், யோசித்த வகையை வாசகர்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் அடிபட்ட பெயர் சீன தேசத்து ஷாவோலின் மடம். 2011-ஆம் ஆண்டு வெளிவந்த ‘7ஆம் அறிவு’ சினிமாவுக்குப் பிறகு, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதருமர் அங்கே போய்ச் சண்டைக் கலை கற்பித்தார் என்பது நமது பிள்ளைகளுக்கு வேதவாக்காகிவிட்டது. சரித்திர வாத்தியார் வீட்டிலேயே இது செலாவணியானால் எப்படி? அந்த மடம் 495-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் இந்தியாவிலிருந்து சென்ற புத்தபத்ரர் என்னும் துறவி. போதிதருமரைக் குறித்த மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகத்தார் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் பெயரில் வழங்கும் தேகப் பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியதென்பது ஆராய்ச்சியாளர் முடிவு. பெருமைப்பட நமக்கு எவ்வளவோ உண்டு. இதை நம்பித்தானா டிக்கெட் வாங்க வேண்டும்?

அடுத்தபடி தாய்லாந்து; பாட்டனார் காலத்தில் சயாம் என்று சொன்ன தேசம். முவே தாய் என்ற அந்நாட்டுக் குத்துச் சண்டையைக் கற்பிக்கும் முகாம்கள் அங்கே ஏராளம். விடியற்காலையில் ஓட்டம், அதன்மேல் பயிற்சி, மாலையில் மறுபடி பயிற்சி, வாரத்தில் ஆறு நாள் என்று நடத்துகிறார்கள். 2024-இல் அந்த அரசாங்கம் ஏற்படுத்திய நீண்டகால விசா ஒன்றில், முவே தாய் கற்க வருகிறவர்களுக்கும் இடம் அளித்திருக்கிறார்கள். உழைப்புக்கு அஞ்சாதவர்களுக்கு நல்ல இடம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அங்கே வேலை முழுவதும் முஷ்டிக்கும் முழங்கைக்கும் முழங்காலுக்கும். எட்டு வருஷம் குச்சி பிடித்த கை அங்கே போய் முதல் வகுப்பில் சேர வேண்டும். பெண் ஒப்பவில்லை.

கடைசியில் அவளே தேடிப் பிடித்தது ஓகினாவா. ஜப்பானின் தென்கோடித் தீவுக் கூட்டம், கராத்தேயின் தாய்வீடு. 1879-இல் ஜப்பானோடு சேர்க்கப்படும் வரையில் ரியுக்யு என்ற தனி ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்தது. கராத்தேயோடு, ஆயுதப் பயிற்சியான கொபுதோவும் அங்கே வழங்குகிறது. கொபுதோவின் முதல் ஆயுதம் என்ன தெரியுமா? ஆறடி நீளக் கழி. அவர்கள் அதை ‘போ’ என்கிறார்கள். பெரும்பாலும் கருவாலி போன்ற கெட்டி மரத்தில் செய்து, இரு நுனியும் சற்றுச் சிறுத்திருக்கும். நமது சிலம்பம் மூங்கில்; ஆளின் நெற்றி மட்டம்; வளையும், விசிறும். நமது கை சுழற்றிச் சுழற்றி வட்டம் போடும். அவர்கள் கை கழியை மூன்று பங்காகப் பிடித்துக் குத்தும், தட்டும். ஒரே குச்சி இரண்டு தேசங்களில் இரண்டு விதமாகப் பேசுகிறது. அந்த இரண்டாவது பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஆயுதம் தாங்கக் கூடாதென்று ஆண்டவர்கள் தடுத்ததால் குடியானவர்கள் ஏர்க் கருவிகளையே ஆயுதமாக்கினார்கள் என்று அத்தீவைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அக்கலைகளின் பழைய ஆசிரியர்களில் அநேகர் அரசாங்க சேவகத்திலிருந்த மேல்குடியினர் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அதை அப்படியே ஒப்புவதில்லை. நமக்கு ருசிப்பது வேறு விஷயம். இதோசு அங்கோ என்ற ஆசிரியர், 1901-ஆம் ஆண்டு வாக்கில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். 1908-இல் அதன் பயனைப் பத்து விதிகளாக எழுதிக் கல்வி அதிகாரிகளுக்கு அனுப்பினார். அவரிடம் பயின்ற ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் தோக்கியோ சென்று அங்கே அதை நிலைநாட்டினார். அந்த ஃபுனகோஷி தொழிலால் யார்? ஆரம்பப் பள்ளி வாத்தியார்! நமது சிலம்பமோ, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. இதைப் படித்த அன்று நமக்குத் தூக்கம் வரச் சற்று நேரமாயிற்று.

இடம் முடிவாயிற்று. காலம்? ஏப்ரல் கடைசியிலிருந்து மே ஐந்தாம் தேதி வரை ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை. விமானத்திலும் விடுதியிலும் இடம் அகப்படுவது கஷ்டம். மே இரண்டாம் வாரம் தொடங்கி ஜூன் பிற்பகுதி வரை ஓகினாவாவில் மழைக்காலம். அது தாண்டினால் புயல்காலம். ஏப்ரல் முதல் பாதி உத்தமம். கல்லூரிப் பரீட்சை விடாது. ஆகவே மே இரண்டாம் வாரம் புறப்பட்டு மழையிலேயே பயில்வதென்று தீர்மானித்தோம். பயிற்சி கூரைக்குக் கீழேதானே! விசாவுக்கு, கையிருப்புக் கணக்கும் தங்குமிட விவரமும் காட்ட வேண்டும். பயண இன்ஷூரன்ஸ் பத்திரங்களின் சிறிய எழுத்தை நமது மனைவியார் பூதக் கண்ணாடி வைத்துப் படித்தார். சண்டைப் பயிற்சியில் உண்டாகும் காயத்துக்குச் சாதாரணப் பத்திரங்கள் பல பொறுப்பேற்பதில்லை. கேட்டுக் கூடுதலாகக் கட்ட வேண்டும். சிலம்பக் கழியை விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கே ஒன்று இரவல் வாங்கிக்கொள்வது என்று வைத்திருக்கிறோம்.

ஒரு கணக்கு மாத்திரம் எல்லோரையும் திகைக்க வைத்தது. ஓகினாவாவில் பயிற்சிக் கூடத்தை டோஜோ என்கிறார்கள். அநேகமாக ஆசிரியரின் வீட்டோடு சேர்ந்த சிறு கூடம். அவர் பகலில் வேறு ஜீவனம் பார்க்கிறவராகவும் இருக்கலாம், மாலையில்தான் வகுப்பு. வாரத்துக்கு மூன்று மாலை, மாலைக்கு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். நாலு வாரத்தில் இருபத்துநாலு மணி. அதாவது சரியாக ஒரு நாள்! ஒரு நாள் வித்தைக்காக ஒரு மாதச் செலவா என்று நாம் கேட்டோம். பெண் பதில் பேசவில்லை. நமது தாயார் பேசினார்.

“ஏஞ்சாமி, இங்கில்லாத குச்சியா அங்கிருக்குது? பொட்டப்புள்ளையத் தனியா அனுப்பிப்போட்டு ராத்திரி கண்ணு மூடுமா?”

தாயாருக்கு நாம் வாதம் சொல்லவில்லை. வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மாள் களரியில் வாள் வீசும் படம் ஒன்றைக் காட்டினோம். ஏழு வயதில் பயிற்சி தொடங்கி, கணவர் 1949-இல் நிறுவிய களரியை அவருக்குப் பின் ஏற்று நடத்தி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு 2017-இல் பத்மஸ்ரீ பெற்றவர். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் காலை மடித்து நிற்கும் நிலையைத் தாயார் வெகுநேரம் பார்த்தார். “முழங்கால் நோவாதாட்ட இருக்குது” என்பதே அவர் சொன்ன அபிப்பிராயம்.

அரையாண்டு விடுமுறையில் பெண்ணை அழைத்துக்கொண்டு மலையாள தேசத்துக் களரி ஒன்றுக்குப் போய் ஒரு வாரம் தங்கினோம். நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் மலையாளம். ஐரோப்பியருக்கு அதுவே கடல் கடந்த வித்யாப்பியாசம். அப்படி வருகிறவர்கள் எவ்விதம் கற்கிறார்கள் என்று பார்த்தால், நாம் போய் எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும் என்பது விளங்குமல்லவா? நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தொரு அடி அகலம், தரை மட்டத்துக்குக் கீழே வெட்டிய குழி. தென்மேற்கு மூலையில் ஏழு படிப் பூத்தறை. மெய்த்தாரி என்ற உடல் பயிற்சி முடிந்த பிறகே கோலைத் தொடவிடுவார்கள். அதற்கும் பிறகே வாள். பிரான்ஸிலிருந்து வந்த ஒரு யுவதி பத்து நாளாகக் காலை வீசி உயர்த்துவதையே செய்துகொண்டிருந்தாள். வேறொரு நாட்டு வாலிபன் மூன்றாம் நாளே கேடயமும் வாளும் கேட்டான். குருக்கள் புன்சிரிப்போடு இரண்டு வீச்சுக் காட்டிக் கொடுத்தார்; அவன் படமும் எடுத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து குருக்களின் கண் அவன் பக்கம் போகவேயில்லை. அந்த யுவதியின் குதிகால் ஒரு விரல் தூரம் விலகியதற்கு, கூடத்தின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது. திரும்பும் ரயிலில் பெண் சொன்னாள்: “அப்பா, அந்த இருபத்துநாலு மணி நேரமும் அவர் என் குதிகாலைப் பார்த்தால் போதும்.”

ஆசானிடம் சொல்வதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தோம். தோட்டத்துத் தென்னைகளுக்கு நடுவே விடியற்காலையில் பத்துப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற முதியவர். கூலி என்று கேட்டு வாங்கியதில்லை. தன் கையில் வளர்ந்தவள் வேறொருவர் காலில் விழப் போகிறாள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று உள்ளூரப் பயம். வெற்றிலை பாக்கோடு போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் நம்மைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தார்.

“அம்மிணி, அந்த வாத்தியார் ‘உங்கூர்ல எப்படி வீசுவீங்க, காட்டு’ன்னா எதைக் காட்டுவே?”

அவள் கழியை எடுத்து வந்தனம் செய்து, காலடி வைத்து, வீசிக் காட்டினாள். நமது கண்ணுக்கு அதில் ஒரு பழுதும் தெரியவில்லை. ஆசான் தென்னை மட்டையால் தரையில் ஒரு கோடு கிழித்தார். “இந்தக் கோட்டை மிதிக்காம மறுக்கா வீசு” என்றார். மூன்றாவது அடியிலேயே கோடு அழிந்தது. நாலாவது அடியில் அவளுக்கு அழுகை வந்தது. “போகோணும்னா போ. ஆனா இதைச் சரி பண்ணிக்கிட்டுப் போ. அரைகுறையாப் போனீன்னா அவங்க குறையத் திருத்தறதுலயே உம்பட மாசம் போயிரும், அவங்க வித்தை அவங்ககிட்டயே இருக்கும்” என்று சொல்லி, மார்கழியிலிருந்து சித்திரை முடியத் தினம் நாலரை மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

இதன் பிறகு தாயார் சீட்டுப் பணத்தைப் பற்றித் தாமே எடுத்தார். பாதி தருவதாகவும், மீதியைத் தொடுவதில்லையென்றும் தீர்ப்பு. குறையும் பாதிக்கு நமது ஸ்கூட்டரை மாற்றும் உத்தேசம் தள்ளிப் போயிருக்கிறது.

தொமிகுசுகு நகரில் 2017-இல் திறந்த கராத்தே மண்டபத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கு ஏற்ற டோஜோவைத் தேடிக் கொடுக்கத் தகவல் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் மூலமாகப் பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். எத்தனை வருஷம் பயின்றாள், யாரிடம், எந்தத் தேதியில் வர முடியும், என்ன கற்க விரும்புகிறாள் என்று நாலே பாரா. பட்டம், பதக்கம் எல்லாம் எழுதியிருந்ததை ஆசான் அடிக்கச் சொல்லிவிட்டார். தரை துடைக்கத் தெரியும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். டோஜோவில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவரே தரையைத் துடைப்பது வழக்கம் என்று பெண் சொல்லக் கேட்டதிலிருந்து அந்த ஆசிரியர்களிடம் அவருக்கு ஒரு மதிப்பு. பதில் வந்த பிறகே டிக்கெட்.

பாக்கி இருப்பது சாப்பாடு. ஓகினாவாக்காரர்களுக்குப் பன்றி இறைச்சி பிரதானம். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். அரிசி தாராளம். அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு சமைக்கும் காய் எது என்று விசாரித்தோம்: பாகற்காய். தாயாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டின் ஓரத்தில் பாகற்காயை ஒதுக்கியே வளர்ந்த பேத்திக்கு, இப்போது வாரத்தில் இரண்டு நாள் அதுதான் பொரியல்.