பெட்டிக்குள் இருப்பதை மட்டும்...

“நீங்க பி.காம்.தானே? வவுச்சரும் தெரியும், வாக்கியமும் எழுத வரும். நம்ம சாஃப்ட்வேருக்கு ஒரு கையேடு எழுதிக் குடுங்களேன்” என்று நண்பர் கேட்டார். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று கெத்தாகச் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் ‘அட்வான்ஸ்’ என்று ஒரு வார்த்தையை உச்சரித்துவிட்டார். யோசனை அந்த இடத்திலேயே என்னிடமிருந்து விடைபெற்றுக்கொண்டது.

சின்ன கம்பெனி. ஒன்பது பேர், இரண்டு ஏ.ஸி., அதில் ஒன்று ஓடும். மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர் செய்து விற்கிறார்கள். கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆசாமி படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி 140 பக்கத்தில் ஒரு புத்தகம். பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

இவ்வளவு இல்லை. இந்த மாதிரிப் புத்தகத்தில் இரண்டு குரல்கள் உண்டு. ‘முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மனிதன் மனிதனுக்குச் சொல்வது ஒன்று. மெஷினுக்குச் சொல்லவேண்டியது இன்னொன்று. இது அட்சரம் பிசகாமல் அடிக்கவேண்டிய வரி. மனிதனுக்கு ‘நாலு மணிக்கு வாங்க’ என்பதை ‘நாளை மணிக்கு வாங்க’ என்று எழுதிவிட்டால், “என்னய்யா எழுதியிருக்கே?” என்று போன் பண்ணிக் கேட்பான். மெஷின் கேட்காது. இடைவெளி ஒன்று கூடினால் முறைத்துக்கொண்டு நிற்கும். அல்லது, இது இன்னும் மோசம், நாம் தப்பாகச் சொன்னதை அப்படியே செய்துவிடும்.

அதனால்தான் மெஷினுக்கான வரிகளைத் தனியாக ஒரு பெட்டிக்குள், எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கிற டைப்பில் போடுகிறார்கள். ‘கோட் பிளாக்’ என்று பெயர்.

ஒரே அகலம் எனக்குப் பழைய சிநேகம். பிளஸ் டூ லீவில் அப்பா என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தள்ளியிருந்தார். டைப்ரைட்டரில் ‘ஐ’யும் ‘டபிள்யூ’வும் ஒரே அளவு இடம்தான் எடுத்துக்கொள்ளும். அந்தச் சமத்துவம் இருப்பதால்தான் ஸ்டேட்மென்ட் அடிக்கும்போது ரூபாயும் பைசாவும் ஒன்றின் கீழ் ஒன்றாக ராணுவ அணிவகுப்பு போல நிற்கும். கம்ப்யூட்டரில் இருக்கிற ‘கூரியர்’ எழுத்துகூட டைப்ரைட்டர் வம்சம்தான். 1950களின் நடுவில் ஐ.பி.எம். டைப்ரைட்டருக்காக ஹோவர்ட் கெட்லர் என்பவர் வரைந்தது.

எங்கள் இன்ஸ்டிட்யூட்டின் பழைய மெஷினில் ‘1’ என்ற சாவியே கிடையாது. “சின்ன எல்லை அடிடா, ஒண்ணு மாதிரிதான் இருக்கும்” என்பார் மாஸ்டர். காகிதத்தில் மாதிரி இருந்தால் போதும். கம்ப்யூட்டரிடம் அந்தச் சமாளிப்பு நடக்காது. புரோகிராம் எழுதுகிறவர்கள் விரும்புகிற எழுத்து வகைகளில் ஒன்றுக்கும் எல்லுக்கும், பூஜ்யத்துக்கும் ஓவுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிவதன் காரணம் இதுதான்.

சரி, கம்பெனிக்கு வருவோம். ஐந்து புரோகிராமர்கள் ஐந்து விதமாகக் குறிப்பு கொடுத்திருந்தார்கள். ஒருவர் கட்டளை வரிகளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். இன்னொருவர் சாய்ந்த எழுத்தில். மூன்றாமவர் திரையையே போட்டோ பிடித்து ஒட்டியிருந்தார். பார்க்கலாம், ரசிக்கலாம், ஒரு எழுத்தைக்கூட காப்பி பண்ண முடியாது. நான்காமவர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெஷின் தானாகக் காட்டுகிற டாலர் குறியையும் சேர்த்து அடித்திருந்தார். அப்படியே காப்பி பண்ணி ஒட்டினால் மெஷின் திருதிருவென்று முழிக்கும். “டாலர அடிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும் சார்” என்றார். ‘எல்லாருக்கும் தெரியும்’ என்பதை நம்பினால் உலகத்தில் கையேடே தேவையில்லை. ஐந்தாமவர் எதையுமே வித்தியாசப்படுத்தவில்லை. கட்டளை எது, விளக்கம் எது என்று நாமே தியானத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

வரியின் ஆரம்பத்தில் விடுகிற இடைவெளி அலங்காரம் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பைத்தான் மொழியில் எது எதற்குள் அடக்கம் என்பதை அந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. 1976ல் பெல் லேபில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்று ஒரு கருவி எழுதினார். அதில் சில வரிகள் ‘டேப்’ சாவியில்தான் தொடங்கவேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஸ்பேஸ் தட்டினால் ஒப்புக்கொள்ளாது. இது தொந்தரவு என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் சிநேகிதர்கள். அவர்களைச் சிரமப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகம் இன்றுவரை டேப் தட்டிக்கொண்டிருக்கிறது! கையேட்டிலிருந்து காப்பி பண்ணும்போது டேப் ஸ்பேஸாக மாறிவிட்டால் தொலைந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ரொம்பத் தெரிந்தவன் போல் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘இந்தப் புத்தகத்தில் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் அப்படியே அடிக்கவும். பெட்டிக்கு வெளியே இருப்பதெல்லாம் விளக்கம்.’ ரொம்பத் திருப்தி. மனைவியிடம்கூடப் படித்துக் காட்டினேன். “சமையல் குறிப்பும் இப்படி இருந்தா நல்லாருக்கும்” என்றாள். எனக்கு இது பாரத ரத்னா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “எழுத்து பொடிசா இருக்குங்க, கடைக்காரங்க கண்ணாடி தேடுவாங்க” என்றும் அவள் சொல்ல, புத்தகம் முழுக்க எழுத்தை ஒரு புள்ளி பெரிதாக்கினேன். கணக்குச் சரி, கண்ணுக்கும் சுகம். எழுத்துப் பிழைக்காக மூன்று தடவை புரூஃப் பார்த்தேன். ஒரு ஒற்றுகூடத் தப்பவில்லை. அனுப்பிவிட்டேன்.

2023 மார்ச் கடைசி வாரம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை. கம்ப்யூட்டருக்கு ஒரு பெண் புதிதாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் வேலை. பழகுவதற்காகப் போட்ட பயிற்சி வவுச்சர்களை வருஷ முடிவுக்குள் நீக்கவேண்டும். என் கையேட்டின் 61ஆம் பக்கத்தைத் திறந்திருக்கிறார்.

அந்தக் கட்டளை இரண்டு வரி. முதல் வரியின் அர்த்தம்: ‘வவுச்சர் பட்டியலிலிருந்து நீக்கு.’ இரண்டாவது வரி ‘வேர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும்: ‘எதில் வகை, பயிற்சி என்று இருக்கிறதோ அதை மட்டும்.’ கஷ்டம் என்னவென்றால், முதல் வரியே இலக்கணப்படி ஒரு முழு வாக்கியம். ‘வேர்’ இல்லாமல் கொடுத்தால் எல்லா வவுச்சரையும் நீக்கிவிடும். கேள்வி கேட்காது.

அந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டாவது வரியைப் பிற்பாடு தனியாகக் கொண்டுவந்து ஒட்டியிருந்தேன். அது பெட்டிக்குள் போகாமல் சாதா எழுத்தில் வெளியே நின்றுவிட்டது. பழைய அளவில் பெட்டிக்கு நேர் கீழே ஒட்டினாற்போல இருந்ததால் கண்ணை உறுத்தவில்லை. எழுத்தைப் பெரிதாக்கியதும் 62ஆம் பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

போன் வந்தபோது நான் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “கடையில அந்தப் பொண்ணு எல்லாத்தையும் அழிச்சிருச்சாம் சார். கேட்டா, புக்குல இருந்ததத்தான் அடிச்சேங்குது. சும்மா சொல்லும்!” என்றார் நண்பர். “ஆமாமா, அவசரத்துல அரைகுறையா படிச்சிருப்பாங்க” என்றேன். இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து 61ஆம் பக்கத்தைப் பார்த்தேன். பிறகு தூக்கமாவது ஒன்றாவது!

காலையில் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. பாக்கிப் பணம் வரவேண்டியிருந்தது. மத்தியானம் நண்பர் மறுபடி போன் செய்து, அந்தப் பெண்ணிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்குகிறார்களாம், வேலை நிற்பது சந்தேகம் என்றார். சாயங்காலம் கோயமுத்தூர் ரயிலைப் பிடித்து ராத்திரி ஈரோட்டில் இறங்கினேன்.

வருஷ முடிவு என்பதால் கடை திறந்தேதான் இருந்தது. முதலாளி வெள்ளை வேட்டி. புத்தகத்தைப் பிரித்து இரண்டு பக்கத்தையும் காட்டி, “தப்பு என்னோடதுங்கய்யா. இந்தப் பொண்ணு பண்ணல” என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏந்தம்பி, ஒரு வரி அந்தப் பக்கம் போனதுக்கா இம்புட்டு ரகளை?” என்றார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை எடுத்த பேக்கப் இருந்தது. சம்பவம் புதன்கிழமை. நடுவில் 386 வவுச்சர். எல்லாம் காகிதமாகக் கம்பியில் குத்தி இருந்தது. நான் வாசிக்க வாசிக்க அந்தப் பெண் அடித்தார். பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் முழு உபயோகம். விடியற்காலை மூன்று மணிவாக்கில் டீ வந்தது.

“நீங்க படிக்கறப்ப இது பாதிதான்னு தோணலியாம்மா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அறுபது பக்கம் வரைக்கும் பெட்டிக்குள்ள இருந்தத மட்டும் அடிச்சு எல்லாம் சரியா வந்துச்சுங்க சார். அடுத்த பக்கத்துல இருந்த வரியவும் பாத்தனுங்க. பெட்டிக்கு வெளிய இருக்குது, அப்ப விளக்கம்னு விட்டுட்டேன். நீங்கதானுங்களே மொத பக்கத்துல அப்படி எழுதியிருக்கீங்க?”

நான் டீயைக் குடித்தேன்.

நாலரைக்கு மொத்தத் தொகை டேலி ஆயிற்று. விளக்கக் கடிதத்தை முதலாளி என் எதிரிலேயே கிழித்தார். நண்பர் பாக்கிப் பணத்தைப் பிறகு கொடுத்தார், கொஞ்சம் பிடித்துக்கொண்டு. நியாயம்தான்.

இரண்டாம் பதிப்பில் புரோகிராமர்களோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். டாலர் போச்சு. போட்டோ போச்சு. ஒரு பெட்டி இரண்டு பக்கத்தில் உடையக் கூடாது. இடம் போதாவிட்டால் மொத்தமாக அடுத்த பக்கம் போகவேண்டும். நேர் மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடுவது, இரண்டு கோடு போட்டால் நீளமாக ஒன்றாக்கிவிடுவது என்று டைப் அடிக்கிற சாஃப்ட்வேர் தானாகச் செய்கிற உபகாரங்களையெல்லாம் அணைத்துவைத்தேன். மெஷினுக்கு வளைந்த மேற்கோள் குறி மேற்கோள் குறியே இல்லை. எழுதி முடித்ததும் பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் காப்பி பண்ணி, ஒரு காலி கம்பெனிக் கணக்கில் நானே ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் 112 பெட்டி. முதல் பக்க வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

அச்சுக்குப் போகிறதற்கு முன் ஒரு பிரதியை ஈரோட்டுக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் போன் வந்தது.

“சார், எல்லாம் நல்லாருக்குதுங்க. 87ஆம் பக்கத்துல மட்டும் ஒரு பெட்டியில எழுத்து கொஞ்சம் வேற மாதிரி தெரியுது. ஒண்ணும் எல்லும் ஒரே மாதிரி இருக்குதுங்க. வேணும்னே அப்படிப் போட்டீங்களா?”

“ஒரு நிமிஷம் லைன்ல இரும்மா” என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்யப் போனேன்.