முக்கூர்த்திச் சதுப்பு

நாமக்கல் சீமையில் காவிரியில் நீராடும் நம்மவர், அந்த ஜலம் முழுவதும் குடகிலிருந்து வருவதாகவே எண்ணுவது வழக்கம். நீலகிரியின் முக்கூர்த்தி ஓடைகள் பைக்காராவில் விழுந்து, மோயாறாக இறங்கி, பவானியோடு கூடுதுறையில் காவிரியை அடைகின்றன. பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாயும் ராஜவாய்க்காலில் அந்த மலை ஜலமும் கலந்திருக்கிறது. அதன் பிறப்பிடத்தைக் காணச் சென்ற கோடை விடுமுறையில், வனத்துறையின் அனுமதி பெற்றுப் புறப்பட்டேன்.

முக்கூர்த்தியில் குன்றுகளின் மேல் புல். மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் சதுப்பு. பசும்புல்தானே என்று காலை வைத்தால் மெத்தைபோல் அமிழ்கிறது. சுற்றிலும் நீர் ஊறி நிற்கிறது. "அங்கே போகாதீங்க, ஐயா, எருமைகூட மாட்டிக்கொள்ளும்" என்று தடுத்தார் உடன்வந்த வனக்காவலர்.

குளிராலும், நீர் தேங்கிக் காற்றுப் புகாமையாலும், மடிந்த புல்லும் வேரும் இங்கே மக்கி முடிவதில்லை. ஆண்டாண்டாய்ப் படிந்து கரிய மண்ணாகி, மழையை உறிஞ்சிவைத்து மெல்லக் கசியவிடுகின்றன. அயர்லாந்துக் குடியானவர்கள் இத்தகைய மண்ணை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தார்கள். அங்கே மழைநீர் ஒன்றையே உண்டு, கவிழ்த்த தட்டுப்போல் மேடாக உயர்ந்த சதுப்புகள் உண்டு. இங்குள்ளவை பள்ளத்தாக்கின் ஊற்றில் வளர்ந்தவை.

இந்த மண் ஓர் ஏடும் ஆகும். நீலகிரிச் சதுப்பு மண்ணிலுள்ள கரியை ஆராய்ந்து, சுகுமார் முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் 20,000 ஆண்டுப் பருவமழையின் ஏற்றத்தாழ்வை 1993இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். வறண்ட காலத்துப் புல் ஒருவித அடையாளத்தையும், ஈரக்காலத்துச் செடிகொடிகள் வேறொன்றையும் மண்ணில் விட்டுச்செல்கின்றனவாம். நம் கல்வெட்டு எதுவும் இவ்வளவு பழைய சங்கதி பேசாது.

இப்புல்வெளிகளைத் தரிசு என்று கணக்கெழுதிய வெள்ளைக்காரத் துரைமார், ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொணர்ந்து நட்டார்கள். சுதந்திரம் வந்த பின்னும் நம் சர்க்கார் அதையே பெருக்கியது. அதற்குத் துரைமாரை நோவதில் நியாயமில்லை. தோடர்கள் தங்கள் பால்கோயில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் விளைகிறது. சதுப்பு சுருங்கச் சுருங்க அந்தப் புல்லும் அரிதாகிறது.

வரையாடுகளின் பொருட்டு 1990இல் முக்கூர்த்தி தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர். திரும்பும் வழியில் வனக்காவலர் ஒரு சீகைக் கன்றை வேரோடு பிடுங்கி எறிந்தார். ஒன்றைப் பிடுங்கி என்ன பயன் என்று கேட்டேன்.

"விதை வருஷக்கணக்கா மண்ணுக்குள்ளே கிடக்கும், ஐயா. பார்த்தபோதெல்லாம் பிடுங்க வேண்டியதுதான்" என்று சொல்லி, அடுத்த கன்றை நோக்கி நடந்தார்.