வலக்கைப் பக்கம் மலை

மாளாவை ஒதுங்க வைக்கும்போதுதான் அந்த அட்டை கையில் கிடைத்தது. கோலி என்கிற ஒற்றை அறைக்குள் பலகை அடித்து எழுப்பிய மேல்தட்டுக்கு பம்பாயில் மாளா என்று பேர். தாராவியைப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லிக் கணக்கெடுக்க வந்தவர்கள் கதவுக்கு மேலே ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பழைய சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். அட்டை, ஒரு பாதத்தின் அச்சு. ஆனால் மனுசப் பாதம் இல்லை. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். ஓரத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்தில் ‘மே 99’ என்று பென்சில் எழுத்து.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் பட்டவராயனுக்குத் தைத்த செருப்பின் அச்சு அது.

அத்தை, என் மாமியார், போட்ட நேர்ச்சை. 1993 ஜனவரியில் கலவரம் நடந்த நாட்களில் எங்கள் பட்டறைச் சாவி இன்னொரு பட்டறைக்காரரான பெரிய பாயிடமும், அவர் வீட்டு நகைப்பெட்டி எங்கள் மாளாவிலும் இருந்தன. அவரும் திருநெல்வேலிக்காரர்தான். 1887-இல் திருநெல்வேலித் தோல்காரர்கள் கட்டிய படி மசூதியில் அவர் தொழுவார். நாங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். வேலை ஒன்று, பேச்சும் ஒன்று. “ரெண்டு பட்டறையும் தப்பிச்சா பட்டவராயனுக்கு ஒரு சோடி செருப்பு” என்று அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். இரண்டும் தப்பின. நேர்ச்சை மட்டும் ஆறு வருசம் பாக்கி கிடந்தது.

பட்டவராயன் கதையை அறியாத தோல்காரர் வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. முத்துப்பட்டன்தான் அவன், பிராமணன். மலையடிவாரத்தில் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பினான். “எங்களைப் போல நீ ஆனால் பெண் தருவேன்” என்றார் பகடை. பட்டன் பூணூலை அறுத்துப் போட்டுவிட்டு, தோலை ஊறவைத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். பிறகு மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுகிற கதை இது. நா. வானமாமலை அதை அச்சில் கொண்டுவந்திருக்கிறார். அவன் சன்னதிக்குக் காணிக்கை, செருப்பு. தொங்கவிட்ட செருப்பை ராத்திரியில் அவன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறான், அதனால் அடி தேய்கிறது என்பது ஊர் நம்பிக்கை. நானும் நம்புகிறேன்.

என் மாமனார் தாராவிக்கு வந்தது தோல்ஷாப்பு வேலைக்கு. 1971-இல் பாந்த்ரா கசாப்புக்கூடத்தை தேவனாருக்கு மாற்றிய பிறகு தோல் பதனிடுகிற வேலை இங்கே குறைந்துகொண்டே வந்தது. பையும் பெல்ட்டும் பர்சும் தைக்கிற வேலை பெருகியது. என் வீட்டுக்காரர் அந்தத் தலைமுறை. பை போட்டுவர ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கினார். எப்போது கதவைத் திறந்தாலும் தோலும் சொல்யூஷனும் கலந்த வாசனை வரும். ஊருக்கு ரெண்டு ராத்திரி ரயிலில் நசுங்கிப் போவதுதான் வழக்கம். அந்த வருசம், “அம்மையையும் பிள்ளைகளையும் ரயில்ல அனுப்பிருவோம். நாம ரெண்டு பேரும் வண்டியில போவோம்ளா, மலையோரமாவே” என்றார். கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் எங்கேயாவது ரெண்டு பேரும் மட்டும் போவோம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சால் என்கிற வரிசைவீடு முழுக்க ஆட்கள். ஒன்பது வருசமும் நாங்கள் குசுகுசுவென்றுதான் பேசியிருக்கிறோம்.

வண்டியைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போனோம். கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டர் காடு ஊருக்குள்ளேயே கிடக்கிறது. அதற்குள் கான்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள், பாறையிலேயே வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள். அந்த மே மாதத்திலும் சில தொட்டிகளில் தண்ணீர் நின்றது. “இந்தக் காட்டுப் பக்கம் இருக்க விஹார் ஏரியில நிறைஞ்சு வழியிற தண்ணிதான் நம்ம மித்தி” என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. தாராவிக்குப் பக்கத்தில் கறுத்து நாறிக் கிடக்கிற அந்தச் சாக்கடையைத்தான் எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு மலை இருந்திருக்கிறது. பிறந்த இடத்தில் அதுவும் நல்ல தண்ணீர்தான்.

மறு வாரம் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். 90 அடி ரோட்டில் இட்லிக்காரர்கள் தூக்குகளோடு சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பிரஸ்வே அப்போது திறக்கவில்லை. பழைய ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து கண்டாலா காட் ஏறினோம். ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். முதல் கியரில் ஏற ஏற சீட்டு தோசைக்கல்லாகக் காய்ந்தது. ரெண்டு கோணிப்பையை நனைத்து மடித்து ஆளுக்கொன்றாகப் போட்டு உட்கார்ந்தோம். மேலே ஏறி முடித்ததும் அவர் கையை நீட்டினார். “இனிமே திருநவேலி வரைக்கும் மலை வலக்கைப் பக்கம்தான். பாத்துக்கிட்டே வா.” ரயிலில் போனால் லோனாவாலா தாண்டியதும் மலை மறைந்து கரிசல் வெளி வந்துவிடும். தபதி ஆற்றிலிருந்து குமரி வரைக்கும் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு அது எங்கள் கூடவே வருகிறது என்பது, அத்தனை வருசம் ஊருக்கும் பம்பாய்க்கும் போய் வந்தும் எனக்குத் தெரியாது.

வாய் என்கிற ஊரிலிருந்து பசர்ணி காட் ஏறிப் பஞ்ச்கனி, அப்புறம் மகாபலேஷ்வர். பழைய மகாபலேஷ்வர் கோயிலில் கல் பசுவின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. கிருஷ்ணா, கோய்னா, வென்னா, சாவித்ரி, காயத்ரி என்று ஐந்து ஆறும் சேர்ந்து வருவதாகச் சொல்கிறார்கள். ஆந்திரா வரைக்கும் போய்க் கடலில் சேர்கிற கிருஷ்ணாவை உள்ளங்கையில் பிடித்துக் குடித்தேன். வெளியே ஒரு பாட்டி இலையைச் சுருட்டி அதில் கறுப்பாகச் சின்னச் சின்னப் பழம் வைத்து விற்றாள். கர்வந்தா என்றாள். வாயில் போட்டதும் பிசுபிசுவென்று பால் உதட்டில் ஒட்டியது. களாப்பழம்! சின்ன வயசில் பாவாடையில் கறையாக்கி அம்மாவிடம் அடிவாங்கிய அதே பழம். களா மண்டிய காடு என்பதால்தான் களக்காடு என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். என் பிறந்த ஊர் அதற்குப் பக்கம். மலைக்கு ரெண்டு முனையிலும் ஒரே செடி நிற்கிறது. நாலு இலை வாங்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் உதட்டிலிருந்த கறையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டார். சாலில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

கோலாப்பூரில் அரை நாள் போனது. மகாலட்சுமியைக் கும்பிட்ட கையோடு செருப்புக் கடைகளுக்குள் நுழைந்தவர் வெளியே வரவேயில்லை. ஆணி அடிக்காமல், தோல் வாராலேயே தைக்கிற வேலை. கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல். ஒரு பெரியவரின் கடையில் இவர் தரையில் உட்கார்ந்து, எங்கள் காணிக்கைச் செருப்பை எடுத்துக் காட்டினார். அந்தப் பெரியவர் அதை முகர்ந்தார், கட்டைவிரல் நகத்தால் அடித்தோலை அழுத்தினார். “யாருடைய கால்?” என்று மராத்தியில் கேட்டார். சாமி கால் என்று இவர் சொன்னதும் அவர் செருப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே போய், ஓரம் தைக்கக் கொஞ்சம் மெல்லிய வார் எடுத்து வந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. எருமைத் தோல் பெரிய பாய் கொடுத்தது, வார் கோலாப்பூர்க்காரர் கொடுத்தது. அன்று ராத்திரி பெல்காமில் லாட்ஜ் விளக்கடியில் குத்தூசி வைத்து இவர் அந்த ஓரத்தைப் புதிதாகத் தைத்து முடித்தார். நான் நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தேன்.

கர்நாடகம் தார்வாட் பேடாவோடும் வெயிலோடும் கழிந்தது. மைசூரைத் தாண்டிப் பந்திப்பூர். 1973-இல் புலித் திட்டம் தொடங்கியபோதே சேர்ந்த காடு. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை, அப்போது விட்டார்கள். ஆனால் வீரப்பன் பயம் எல்லோருக்கும் இருந்ததால் பகலிலேயே கடந்தோம். கோடை மழை ரெண்டு தூறல் விழுந்து மூங்கிலும் தேக்கும் துளிர்த்திருந்தன. ரோட்டோரத்தில் ஒரு தாய் யானையும் குட்டியும். இவர் எஞ்சினை அணைத்தார். அந்த நிசப்தத்தில் யானை புல்லைப் பிடுங்கி முன்காலில் தட்டி மண்ணை உதிர்க்கிற சத்தம் மட்டும். தாராவியில் ஒருநாள்கூட நிசப்தத்தைக் கேட்டதில்லை. தையல் மிஷின் நின்றால் லாரி, லாரி நின்றால் குழாயடி. அந்த இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யானை போன பிறகும் விடவில்லை.

முதுமலைச் செக்போஸ்ட்டில் முதல் தமிழ் எழுத்து. தெப்பக்காட்டில் யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, ஊட்டியில் சீசன் கூட்டத்துக்குப் பயந்து நிற்காமல் இறங்கினோம். பாலக்காட்டுக் கணவாயில் மலை விட்டுப்போகிறது. அந்த இடைவெளியில் வந்த காற்று ஆம்னியை ஓரமாகத் தள்ளியது. பொள்ளாச்சியில் ஆனைமலை தெரிந்ததும்தான் எனக்கு மனசு ஆறியது. ராஜபாளையம், தென்காசி என்று மறுபடி வலக்கைப் பக்கம் மலை.

பாபநாசத்தில் அத்தையும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு மலை ஏறினோம். களக்காடு, முண்டந்துறை ரெண்டு சரணாலயத்தையும் 1988-இல் ஒன்றாக்கியதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குக் கூடாரம் போட்டு ஆயிரக்கணக்கில் ஜனம் குவிகிற காரையாற்றங்கரை அன்று காலியாக இருந்தது. தாமிரபரணி கூழாங்கல் தெரிய ஓடியது. மித்தியை நினைத்துக்கொண்டு அதில் முங்கினேன்.

பட்டவராயன் சன்னதியில் செருப்புகள் தொங்கின. புதுசும் பழசும், குழந்தைக் கால் அளவிலிருந்து ஆள் உயரக் கால் அளவு வரை. அத்தை மஞ்சள் துணியை அவிழ்த்தார். இவர் செருப்பைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தொங்கிய பழைய சோடி ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பூசாரி தலையசைத்தார். இவர் அதைத் திருப்பி, வாடிக்கையாளர் கொண்டுவந்த செருப்பைப் பார்க்கிற அதே கண்ணோடு அடியைப் பார்த்தார். குதிகாலில் விரலை ஓட்டினார். தையல் தெரிகிற அளவுக்குத் தோல் தேய்ந்திருந்தது.

“எறக்கத்துல நடக்க கால்ளா” என்றார் என்னிடம், மெதுவாக. “குதி மட்டும் தேய்ஞ்சிருக்கு, பாரு.”