காற்றும் புறம்போக்குதான்

எங்கள் கம்பெனி பஸ் காலை ஆறரைக்கு வேப்பம்பட்டிலிருந்து கிளம்பி, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும். 2016-லிருந்து நான்கு வருஷம் அதில்தான் போய்வந்தேன். டிரைவர் அண்ணன் சாவியைத் திருகியதும் எஃப்.எம். பேச ஆரம்பித்துவிடும். போன வாரம் ரிலீஸான படத்துப் பாட்டு, நகைக்கடை விளம்பரம், யாரையாவது போனில் கலாய்க்கும் நிகழ்ச்சி, திரும்பவும் அதே பாட்டு. சாயங்காலம் வீடு திரும்பும்போதும் அதேதான். ஸ்டேஷனை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. "ஏண்ணா, வேற பாட்டே இல்லியா?" என்று கேட்டால், "நானாப்பா போட்றேன்? அவன் போட்றான், நாம கேக்குறோம்" என்பார்.

யார் அந்த 'அவன்' என்று தேட ஆரம்பித்தேன். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியதே 1977-இல் சென்னையில்தான், அகில இந்திய வானொலியில். தனியார் வந்தது 2000-க்குப் பிறகு. அலைவரிசைகள் ஏலத்துக்குப் போயின. ஏலத்தொகை, வருமானத்தில் அரசுக்கான பங்கு, சம்பளம் எல்லாம் விளம்பரத்திலிருந்து வந்தாக வேண்டும். விளம்பரம் கொடுப்பவருக்குத் தேவை, ஸ்டேஷனை மாற்றாத காது. தெரிந்த பாட்டு ஓடினால் காது நகராது. சினிமாப் பாட்டு வரும்போதே படத்தின் விளம்பரத்தால் தெரிந்த பாட்டாகத்தான் வருகிறது. தனியாக ஒருவர் எழுதிப் பாடும் பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. இதில் ஆர்.ஜே.க்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? சினிமாப் பாட்டின் மேலும் எனக்குக் கோபமில்லை. இளையராஜா இல்லாமல் எங்கள் பக்கம் எந்த பஸ்ஸும் நகராது. அது மட்டுமே பாட்டு என்று ஆகிப்போனதுதான் எரிச்சல்.

2017 ஜனவரியில் பக்கத்து சீட்டுக்காரர் போனை நீட்டினார். கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்'. டி.எம். கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்துக்குப் போய் நின்று பாடுகிறார். கர்நாடக ராகத்தில் சென்னைப் பேச்சு. எண்ணூர் எங்கள் சிப்காட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. நாங்கள் மூச்சு விடும் காற்றைப் பற்றி ஒரு பாட்டு! அந்த நான்கு வருஷத்தில் பஸ் ரேடியோவில் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

புறம்போக்கு என்பது இன்று வசவு. வருவாய்த் துறைக் கணக்கில் அது ஏரி, மேய்ச்சல் நிலம், சுடுகாடு என எல்லாருக்கும் பொதுவான இடம். 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு குறித்த ஒரு வழக்கில், அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் காற்றும் புறம்போக்குதான். அதையும் பிளாட் போட்டு விற்றிருக்கிறார்கள். பிளாட் என்றால் என்னவென்று வேப்பம்பட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஓரமாக நமக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாக சமூக வானொலி அதுதான். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் சமூக வானொலியின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்ஸைத் தாண்டக் கூடாது. பெருநகரத் தனியார் நிலையங்களுக்குப் பல்லாயிரம் வாட்ஸ். கிண்டியிலிருந்து கிளம்பும் அந்தக் குரல் எங்கள் வீட்டு ரேடியோவுக்கு வந்ததே இல்லை.

எங்கள் பிளான்ட்டில் காண்ட்ராக்ட்டில் இருந்த ஒரு தம்பி, அரக்கோணம் லைன் ரயிலில் பெட்டிச் சுவரைத் தட்டிக் கானா பாடிப் பழகியவன். 2018-இல், வேறொரு பட்டறையில் பிரஸ் மெஷினில் மாட்டிச் செத்துப்போன தன் கூட்டாளிக்கு ஒரு கானா கட்டி, காரியத்தன்று பாடினான். செத்தவன் டீக்கடையில் வைத்த பாக்கிகூட அதில் வரும். அழுதுகொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்துவிட்டார்கள். போனில் பதிவுசெய்து ஓர் எஃப்.எம். நிலையத்துக்கு எடுத்துப்போனான். அங்கிருந்தவர் தன்மையாகத்தான் கேட்டாராம்.

"எந்தப் படம்ப்பா?"

"படம் இல்ல சார். என் ஃப்ரெண்டு செத்துட்டான்."

அந்தப் பாட்டு இப்போது யூடியூபில் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதி நாங்களே.

இப்போது நான் பாட்டைத் தேடித்தான் கேட்கிறேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஆனால் தேடத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைப்பதை எப்படிப் பொது என்று சொல்வது? டேட்டா தீர்ந்தவருக்கும், தையல் மெஷினிலிருந்து கையை எடுக்க முடியாத அக்காவுக்கும் ரேடியோதான். அதனால் 'யூடியூப் இருக்குல்ல, ரேடியோவ விடு' என்று நண்பர்கள் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை.

வானொலி நிலையங்கள் இத்தனை சதவீதம் உள்நாட்டுப் பாட்டு போட்டாக வேண்டும் என்று கனடாவில் 1971-லிருந்தே விதி இருக்கிறது. இங்கே சதவீதமெல்லாம் வேண்டாம். உரிமம் தரும்போதே ஒரு நிபந்தனை போதும்: தினமும் ஒரு மணி நேரம், எந்தப் படத்திலும் வராத பாட்டு. அதில் நாலு நிமிஷம் அந்தத் தம்பியின் கூட்டாளிக்கு.