கார் சொல்லுக்குப் பலன்

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் 'பல்லி சொல்லுக்குப் பலன்' என்று ஒரு பகுதி கண்ணில் படும். கிழக்கே சொன்னால் என்ன, தெற்கே சொன்னால் என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிக்கு நாம் இத்தனை மரியாதை செய்கிறோம். ஆனால் லட்சக் கணக்கில் கொடுத்து வாங்கி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டுகிற கார் ஏதாவது சொன்னால் என்ன செய்கிறோம்? பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறோம்!

நேயர்களே, புதிதாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நானும் உங்கள் கட்சிதான். லைசென்ஸ் வாங்கி இன்னும் ஓர் ஆண்டு நிறையவில்லை. ரிவர்ஸ் எடுப்பது, மேட்டில் நிறுத்திப் பின்னால் நழுவாமல் கிளப்புவது எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். கண்ணுக்கு வேலை, கைக்கு வேலை, காலுக்கு வேலை. காதுக்கு மட்டும் யாரும் வேலை கொடுக்கவில்லை. அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நெசவாளி, மற்றவர் பஞ்சர் கடைக்காரர். இருவரும் சந்தவாசல்காரர்கள்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் வழியில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே, ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருக்கிறது சந்தவாசல். 'ஆரணிப் பட்டு' என்று பெயர் வாங்கிப் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிற புடவையில் இந்தப் பக்கத்து ஊர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. நெசவைப் பற்றி எழுதுவதற்காக நான் புறப்பட்டபோது, "சந்தவாசலா? பக்கத்திலேதானே படவேடு! ரேணுகாம்பாளைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று!" என்று அம்மாவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

நெசவாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே அவர் மனைவி தறியில் இருந்தார். 'டக்-டடக், டக்-டடக்' என்று சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. பட்டு விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இந்தா, இழை அறுந்து நாடாவுல தட்டுது பாரு!"

என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். பாவில் ஓர் இழை அறுந்துதான் இருந்தது.

"இழை அறுந்த சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்டது?" என்றேன்.

அவர் சிரித்தார். "அறுந்த சத்தத்த யாரு சார் கேட்டா? நல்லா ஓடற சத்தம் எனக்குத் தெரியும். நாள் பூரா கேட்டுக்கினு இருக்கேன் இல்ல? அது கொஞ்சம் மாறிச்சின்னா என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். அவ்ளோதான்."

மோட்டார் சாஸ்திரத்தில் பாதி இந்தப் பதிலில் அடங்கிவிட்டது என்பேன். கெட்ட சத்தங்களை நெட்டுருப் போடுவதற்கு முன்னால், உங்கள் காரின் நல்ல சத்தத்தைப் பழகிக்கொள்ளுங்கள். காலையில் கிளப்பியதும் இஞ்சின் எப்படிப் பேசுகிறது? ஏ.சி. போட்டதும் எவ்வளவு முனகுகிறது? தார்ச் சாலையில் எப்படி, சிமெண்டுச் சாலையில் எப்படி? நீண்ட பிரயாணம் முடிந்து நிறுத்தியதும் அடியிலிருந்து 'டிங் டிங்' என்று கேட்கும். சூடேறிய இரும்பு ஆறுகிற சத்தம்தான் அது. ஏ.சி. தண்ணீர் சொட்டுவதும் சாதாரணம். இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. வழக்கமான சத்தம் காதில் படிந்துவிட்டால், வழக்கத்துக்கு மாறானது தானாகவே உறுத்தும்.

அன்றைக்கே எனக்கு உறுத்தியது. நெசவாளியிடம் விடைபெற்றுக்கொண்டு படவேட்டுச் சாலையில் திரும்பிச் சிறிது தூரம் போயிருப்போம். 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். வேகம் கூட்டினால் 'டிக்டிக்டிக்' என்று அதுவும் விரைந்தது. வேகம் குறைத்தால் அதுவும் நிதானித்தது.

"என்னடா இது, காருக்குள்ளே பல்லி சொல்லுகிறது?" என்றாள் அம்மா. ஒரு நிமிஷம் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "பின்னாலே, இடது பக்கத்திலிருந்து வருகிறது" என்று திசையையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். பலன்தான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நல்ல வேளையாகக் கொஞ்ச தூரத்தில், வெள்ளைப் பெயிண்டில் 'பஞ்சர்' என்று எழுதிய பழைய டயர் ஒன்று சாலையோரம் நின்றது. கடைக்காரர் உடனே குனிந்து பார்க்கவில்லை. நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி முதலில் கேள்வி கேட்டார். "வண்டி நிக்கறப்போ சத்தம் வருதா, ஓடறப்போ மட்டுமா? வேகத்துக்குத் தகுந்தாப்போல மாறுதா? திருப்பும்போது, பிரேக் போடும்போது ஜாஸ்தி ஆவுதா?"

நான் பதில் சொன்னேன். "நிக்கறப்போ இல்லேன்னா இஞ்சின் இல்ல சார். சக்கரம்" என்று சொல்லி, இடது பின்சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தார். டயரின் பள்ளத்தில் ஒரு ஜல்லிக் கல் சிக்கியிருந்தது. திருப்புளியால் நெம்பி எடுத்துப் போட்டார். 'அப்பாடா' என்று நான் சாவியை எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அரைச் சுத்து முன்னால உருட்டுங்க சார்."

உருட்டினேன். தரையில் மறைந்திருந்த பாகம் மேலே வந்தது. அங்கே பளபளவென்று ஓர் ஆணித் தலை!

"கல்லும் ஆணியும் ஒரே குரல்லதான் பேசும் சார். எறங்கிப் பாத்தாத்தான் எது எதுன்னு தெரியும்" என்றார்.

சோப்பு நீர் ஊற்றினார். ஆணியைச் சுற்றிச் சிறு சிறு குமிழிகள் கிளம்பின. அளந்து பார்த்தால், 33 இருக்க வேண்டிய காற்று 21-க்கு இறங்கியிருந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலும் டியூப் இல்லாத டயர்தான். குத்திய ஆணியே தக்கை மாதிரி ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெள்ள மெள்ளத்தான் கசியும். ஆகவே வழியில் ஆணியைக் கண்டால் நீங்களே பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் இருக்கிற காற்றும் போய்விடும். அவர் குறடால் ஆணியை இழுத்து, துவாரத்தை அரத்தால் ராவி, பசை தடவிய ரப்பர்த் திரியைச் செருகினார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"இதே காத்தோட கோயிலுக்குப் போயிட்டு, ராத்திரி ஹைவேயில விரட்டியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், பின் சீட்டில் இருந்த அம்மாவைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

அவர் விட்டதை நான் முடிக்கிறேன். டயருக்குள்ளும் நெசவு மாதிரி இழைகள் உண்டு. ரப்பருக்கு நடுவே பாலியெஸ்டர், நைலான் நூலும் எஃகுக் கம்பியும் வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடேறும். சூட்டில் இழையும் ரப்பரும் பிரியும். வேகமாகப் போகையில் அது வெடித்தால், ஓட்டுகிறவன் கையில் வண்டி நிற்பது கஷ்டம். ஓர் ஆணியின் 'டிக் டிக்'கை அலட்சியம் செய்வதற்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க நேரிடலாம்.

அம்மா அம்மனைத் திவ்வியமாகத் தரிசனம் செய்தாள். "பல்லி நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறது" என்று தீர்ப்பும் கூறினாள்.

இனி, அன்று முதல் நான் விசாரித்துச் சேர்த்து வைத்திருக்கும் பலன்களைக் கேளுங்கள்.

பிரேக் போடும்போது 'கிறீச்' என்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். பல கார்களில் அது தேய்ந்ததும் சத்தம் போட்டு எச்சரிக்கவே ஒரு சிறு தகட்டை வைத்திருக்கிறார்கள். அந்த வாரமே காட்டிவிட வேண்டும். 'கிறீச்' போய்க் 'கரகர' வந்துவிட்டால், இரும்போடு இரும்பு உரசுகிறது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால், முன்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கக் கூடும். வேகத்தோடு ஏறுகிற 'ஹூம்' என்ற ரீங்காரம் சக்கர பேரிங்கிலிருந்து வரலாம். டயர் கோணல்மாணலாகத் தேய்ந்தாலும் வரும். காலையில் கிளப்பியதும் 'கீ...' என்று அலறினால் இஞ்சின் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சினிலிருந்து 'டகடக' என்று தட்டுகிற சத்தமும், எதிரே சிவப்பில் ஆயில் விளக்கும் சேர்ந்து வந்தால் யோசனையே வேண்டாம். ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்திவிடுங்கள். 'தொப் தொப்' என்ற சத்தத்தோடு வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயர் இறங்கிவிட்டது.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால்? நம் கால் தன்னிச்சையாகப் பிரேக்குக்குத்தான் போகும். அதை அடக்குவதுதான் முக்கியம். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெள்ள எடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு சிக்னல் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். நான்கு விளக்குகளும் மினுக்கட்டும். வண்டியில் இருப்பவர்கள் இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கட்டும்.

சக்கரம் மாற்றுவதானால் சமமான, கெட்டியான தரை வேண்டும். ஹாண்ட் பிரேக் போட்டு, வேறொரு சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்கள். ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் எந்தக் காரணம் கொண்டும் போகாதீர்கள்.

நாம் 'ஸ்டெப்னி' என்று சொல்கிறோமே, அது எந்த ஊர்ச் சொல் தெரியுமா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. உபரிச் சக்கரம் இல்லாமல் கார்கள் ஓடிய காலத்தில், 1904-இல், அந்த ஊரில் கண்டுபிடித்து விற்ற மாற்றுச் சக்கரத்துக்கு அந்தத் தெருவின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் இப்போது எல்லாப் புதுக் காரிலும் ஸ்டெப்னி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான் மூன்றும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் டிக்கியில் என்ன இருக்கிறது என்று இன்றே திறந்து பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். அந்தச் சிறு தொழில்தான் 1961-இல் டயர் தொழிற்சாலையாகி, எம்.ஆர்.எப். ஆயிற்று. பலூனுக்கும் டயருக்கும் அவ்வளவு ஒன்றும் தூரம் இல்லை போலிருக்கிறது! நம் குடும்பம் முழுவதும் நான்கு காற்றுப் பைகளின் மேல்தான் பிரயாணம் செய்கிறது. அவற்றில் ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் சீட்டில் பல கார்களில் காணலாம். 2 வாரத்துக்கு ஒரு முறை, டயர் சூடாவதற்கு முன் அளந்து பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் டயருக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் வண்டியைக் கிளப்பியதும் முதல் 10 நிமிஷம் பாட்டுப் போடாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கார் பேசுவதைக் கேளுங்கள். புரியாத வார்த்தை ஏதாவது சொன்னால், பத்திரமான இடமாகப் பார்த்து நிறுத்தி, இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கல்லாக இருந்தால் இரண்டு நிமிஷம் நஷ்டம், அவ்வளவுதானே?