ஒலி குறைத்துப் பார்த்த தொடர்

1993-ல் தில்லி அரசுக் குடியிருப்புகளில் ஞாயிறு காலை என்றால் மோக்லி. ஜப்பானில் தயாரான 'ஜங்கிள் புக்' கார்ட்டூனை இந்திக் குரல் கொடுத்து ஒளிபரப்பியது தூர்தர்ஷன். குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த பாட்டு தொடங்கியதும் தெரு காலியாகும். புலி ஷேர்கானுக்கு நானா படேகரின் குரல். மந்திர் மார்க்கில், பிர்லா மந்திருக்கு நடக்கும் தூரத்தில் இரண்டு அறைக் குடியிருப்பில் இருந்த எட்டு வயதுத் தமிழ்ப் பையனுக்குப் பாதி இந்தி அந்தப் புலியிடமிருந்துதான் வந்தது. அது ஜப்பானியத் தொடர் என்று அவனுக்கும் தெரியாது, சப்பாத்தி இட்டுக்கொண்டே பார்த்த அம்மாவுக்கும் தெரியாது.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது. மோக்லி பாட்டைக் கேட்டால் சிரிக்கிறார், அத்தோடு சரி. தேடிப் பிடித்து மறுபடி மறுபடி பார்ப்பது வேறொரு தொடரை. அது ஞாயிறு காலையில் வந்ததல்ல, நள்ளிரவில் வந்தது.

2003. பிளஸ் டூ தேர்வு நெருங்கும் குளிர்காலம். பள்ளி நண்பன் ஒருவன் கைமாற்றிக் கொடுத்த சிடிக்களில் இருந்தது 'கௌபாய் பீபாப்'. 2071-ம் ஆண்டில், விண்கலத்தில் அலைந்து தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துப் பிழைக்கும் சிலரின் கதை. ஜப்பானியப் பேச்சு, கீழே ஆங்கில வரிகள். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அது இருந்த முன்னறையில்தான் அப்பாவின் கட்டில். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை; காலை ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். கோடையாக இருந்தால் கூலரின் இரைச்சல் எதையும் மறைத்துவிடும். ஜனவரியில் தில்லி வீடுகளில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். ஹெட்போன் வாங்கினால் எதற்கு என்ற கேள்வி வரும். ஆகவே ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, மடியில் இயற்பியல் புத்தகத்துடன், 26 பகுதிகளையும் ஊமைப் படமாகவே பார்த்து முடித்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் முழுக்க அந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது இசையைத்தான். யோகோ கன்னோவின் ஜாஸ் இல்லாமல் அந்தத் தொடரே இல்லை என்பார்கள். மந்திர் மார்க் ரசிகருக்கு அது சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, வாடகை அறை ஒன்றில் தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த முகங்கள் திடீரென்று பேசத் தொடங்கியதுபோல் இருந்தது அவருக்கு.

அந்தத் தொடரின் பிறப்பே இரவோடு சம்பந்தப்பட்டதுதான். ஷினிச்சிரோ வதனாபே இயக்கியது. விண்கலப் பொம்மை விற்கலாம் என்று பணம் போட முன்வந்த பொம்மைக் கம்பெனி, கதையின் போக்கைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. 1998 ஏப்ரலில் டி.வி. டோக்கியோ மாலை நேரத்தில் தொடங்கி, பாதிக்கும் குறைவான பகுதிகளையே காட்டி நிறுத்தியது. அக்டோபரிலிருந்து 'வௌவௌ' என்ற கட்டணச் சானல் பின்னிரவில் முழுவதையும் ஒளிபரப்பியது. அமெரிக்காவிலும் அப்படித்தான்: 2001 செப்டம்பர் 2 அன்று பெரியவர்களுக்கான 'அடல்ட் ஸ்விம்' இரவு ஒளிபரப்பு தொடங்கிய முதல் நாளிலேயே இது வந்தது.

ஜப்பானில் பின்னிரவு நேரம் மலிவு. தயாரிப்பாளர்கள் கூட்டாகச் சேர்ந்து அந்த நேரத்தைப் பிடித்து, போட்ட பணத்தை டேப், டிஸ்க் விற்பனையில் எடுத்தார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்க வேண்டும், பொம்மை விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சோகம், தோல்வி, சாவு எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. 1998-ல் வந்த 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்' பின்னிரவுக்கென்றே பிறந்தது. 1995-ல் மாலை நேரத்தில் தொடங்கிய 'இவாஞ்சலியன்' கூட 1997-ல் இரவு மறு ஒளிபரப்பில் புதிய ரசிகர்களைப் பிடித்தது.

இரவில் பார்த்தவர்களின் பிடிப்பு ஏன் விடுவதில்லை என்பதற்கு மந்திர் மார்க் ரசிகர் உதாரணம். மோக்லி தெருவுக்கே பொது. இந்தத் தொடரை அந்தக் குடியிருப்பில் பார்த்தது தான் ஒருவன் மட்டுமே என்று அவர் நம்பினார். தூக்கத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும் பணயம் வைத்துப் பார்த்ததை எளிதில் விட்டுக்கொடுக்க முடிவதில்லை.

தொடரும் வயதுக்கேற்ப வேறாகிறது. முதல் பகுதியில் மாட்டிறைச்சி இல்லாத மாட்டிறைச்சிக் கறி பரிமாறப்படும், வெறும் குடைமிளகாய். பதினெட்டு வயதில் அது தமாஷ். வீட்டுக் கடன் தவணை கட்டும் வயதில் அது மாதக் கடைசி. கப்பலை ஓட்டும் ஜெட் அன்று கிழவராகத் தெரிந்தார். அவருக்கு வயது 36 தான். ரசிகர் அவரைத் தாண்டி வந்துவிட்டார். நடிகர்களை வைத்து 2021-ல் எடுக்கப்பட்ட புதிய வடிவம் ஒரே சீசனில் நின்றதில் இவருக்கு ஆச்சரியம் இல்லை.

இன்று மறைத்துப் பார்க்க எதுவும் இல்லை. இந்திய-ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பான பழைய 'ராமாயணா' கார்ட்டூன் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலுடன் தியேட்டருக்கு வந்தது. செப்டம்பரில் வந்த 'டீமன் ஸ்லேயர்' படத்துக்கும் தமிழ்க் குரல் இருந்தது. ரசிகரின் மகள் அதைப் பட்டப்பகலில் தோழிகளோடு பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு நல்லதுதான். ஆனால் அவள் யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

அந்தப் பயம்கூட எவ்வளவு நிஜம் என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. ஓய்வு பெற்று மயிலாடுதுறையில் இருக்கும் அப்பா, தெருநாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், சாதாரணமாகக் கேட்டார்:

"அந்தக் குட்டைக்கால் நாய் கடைசியில என்னடா ஆச்சு?"

"எந்த நாய்ப்பா?"

"ராத்திரியில பார்ப்பியே, அந்தக் கப்பல்ல இருக்குமே."

கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் கீழே ஓடிய ஆங்கில வரி எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. நாய் மட்டும் தெரிந்திருக்கிறது. ஐந்து மணிக்கு எழ வேண்டிய மனிதர் ஏன் அதட்டவில்லை என்று மகன் கேட்டதற்கு, "படிச்சுக்கிட்டும்தானே இருந்தே" என்றார்.

நாய் அந்தச் சிறுமியோடு போய்விடுகிறது என்று மகன் சொன்னார். பிறகு கைபேசியில் அந்தப் பகுதியையே எடுத்துக் காட்டினார். எழுபது தாண்டிய அப்பாவுக்கு இப்போது காது மந்தம்.

"ஒண்ணும் கேட்கலை. சத்தத்தைக் கூட்டி வைடா" என்றார்.