அசையாத நட்டு

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியில் பழைய கார்களுக்குப் புதிய மரியாதை கிடைத்தது. ஆனால் மரியாதையால் கார் நிற்பதில்லை. அதற்குப் பிறேக் வேண்டும்.

எங்கள் வீட்டு மொறிஸ் மைனரும் அத்தகையதுதான். இங்கிலாந்தில் 1971உடன் உற்பத்தி நின்றுபோன இனம். அதன் பிறேக் முழுவதும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குகிறது. இன்றைய கார்களில் இரு சுற்றுகள் உண்டு; ஒன்று பழுதானாலும் மற்றையது காரை நிறுத்தும். மைனரில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒருசேரக் கைவிடும். எஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. ஆகவே பின் அச்சின் மேலுள்ள இரு உருக்குக் குழாய்களிலும் துருப் பொருக்கைக் கண்டதும் அவற்றை மாற்றத் தீர்மானித்தேன்.

குழாயைப் பூட்டுவது சிறிய வேலை. அதன் முனையிலுள்ள நட்டைக் கழற்றுவதே பெரிய வேலை. யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் நட்டு இரண்டு இடங்களில் இறுகுகிறது. ஒன்று அதன் மரையில். மற்றது அதனூடே செல்லும் குழாயில். இரண்டாவது மோசமானது. நட்டு திரும்புகிறதென்று நாம் மகிழ்ந்திருக்க, உண்மையில் குழாயும் சேர்ந்து முறுகிக்கொண்டிருக்கும்.

கைப்பிறேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். எனவே பின்பகுதியை உயர்த்துமுன் முன்சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கக் கூடாது, தாங்கிகள் வேண்டும். கம்பித் தூரிகையால் துருவை அகற்றி, ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஓரிரவு விட்டேன். மறுநாள் நட்டைச் சுற்றிலும் மெல்லத் தட்டினேன். சாதாரண ஸ்பனர் இரண்டு பக்கங்களையே பிடிப்பதால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். குழாய் நுழைய ஒரு வெட்டு மட்டும் விட்டு ஏனைய பக்கங்களைப் பற்றும் ஸ்பனர் இதற்கென்றே உண்டு. மைனருக்கு 7/16 அங்குலம். முதலில் சற்றே இறுக்கி, பிறகு தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும்.

உதவிக்கு வந்த அயல்வீட்டு இளைஞர் பொறுமையிழந்தார்.

"ஐயா, நெருப்புக் காட்டினா உடனை கழண்டிடும்."

"வேண்டாம் தம்பி. உள்ளுக்கை பிறேக் ஒயில் இருக்கு, பத்திப்போடும். பக்கத்திலை றப்பர்க் குழாயும் கிடக்கு."

மூன்று நட்டுகள் கழன்றன. நான்காவது குழாயையும் சேர்த்து முறுக்கத் தொடங்கியது. அதோடு நிறுத்தி, குழாயை நட்டின் அருகே வெட்டினேன். இப்போது ஆறு பக்கங்களையும் பற்றும் சொக்கெட்டை அதன்மேல் பொருத்த முடிந்தது, நட்டு கழன்றது.

குழாயை வெட்ட எம்மவர் பலருக்கு மனம் வருவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் இருந்தபோது, பெற்றோல் இன்றி இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எதையும் எறியாமல், இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றும் கைத்திறன் அன்று எம்மைக் காப்பாற்றியது. அதில் பெருமைப்பட நியாயமுண்டு. ஆனால் முறுகிய பிறேக் குழாயை நிமிர்த்திப் பூட்டுவது சிக்கனம் ஆகாது. அதன் விலையை வீதியைக் கடக்கும் பள்ளிச் சிறுவன் கொடுக்க நேரலாம்.

புதிதாகப் பூட்டியது செம்பு நிக்கல் கலவைக் குழாய். அது உருக்கைப்போல் துருப்பிடிக்காது. பூட்டுமுன் ஊடுருவும் எண்ணெயை முற்றாகத் துடைத்தேன். அது பிறேக் ஒயிலில் கலந்தால் உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். பிறேக் ஒயில் காரின் பெயின்ரில் சிந்தினால் உடனே கழுவ வேண்டும். இல்லையேல் அது பெயின்ரை உரித்துவிடும்.

காற்றை வெளியேற்றிய பின்னரும் ஒரு சோதனை மீதமிருக்கிறது. ஒருவர் மிதியைப் பலமாக அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு நட்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் ஈரம் படாவிட்டால் மட்டுமே காரைப் படலைக்கு வெளியே எடுக்கலாம்.